ஈசாக்குக்காக ஒரு சுருள் விளக்கு

தங்கபாய்: இறுக்கிப் பிடியுங்க மோகனண்ணா. மூங்கில் தெறிச்சா கண்ணுல அடிக்கும்.

மோகனன்: பிடிச்சாச்சு... கிறிஸ்மசுக்கு சர்ச்சு முகப்புல எல்லாரும் நட்சத்திரம் கெட்டுதாவ. நீ கெட்டுதத பாம்புண்ணு நெனச்சிரப் போறாரு உங்க போதகரு.

தங்கபாய்: கேட்டாரு. புரதமாக்கும், தலைமுடிக்குள்ள இப்படித்தான் சுருண்டு கெடக்கும்ணு சொன்னேன்.

மோகனன்: உனக்க தம்பி ஈசாக்கு சொல்லித் தந்ததா?

தங்கபாய்: பின்னே? காலேஜிலேருந்து வந்தா எனக்க பின்னலப் பிடிச்சு இழுத்துத்தான் பாடம். ஒளிக்கப் போவும்போ அவந்தான் சொன்னான், "ஊரெல்லாம் நட்சத்திரம் தொங்கும், நீ சுருள் கெட்டு. குன்றுமேல நிண்ணு பாத்தா எனக்கு அடையாளம் தெரியும். போலீசு போனபொறவு கொளுத்து, எறங்கி வாறேன்"ணு.

மோகனன்: ஆகஸ்டுல போலீசு துப்பாக்கியால வெடிவச்ச பொறவு அவன் அம்மைய பாக்கவே இல்ல...

தங்கபாய்: நம்ம ஊரு தமிழ்நாட்டோட சேரணும்ணு கோஷம் போட்டதுக்கு!

மோகனன்: அம்மைக்கு எப்படி உண்டு?

தங்கபாய்: ...ஒறங்குதா. அவன்?

மோகனன்: குன்றுலதான் உண்டு... கூட்டாளி கிருஷ்ணன்குட்டி கூட இருக்கான். இங்க பாரு, இந்தச் சுத்து நெருங்கிப்போச்சு. எல்லாச் சுத்துக்கும் ஒரே இடைவெளி வேணும்.

தங்கபாய்: அப்போ அவுத்திருவோம்.

மோகனன்: ஒட்டின காகிதம் கிழியுமே?

தங்கபாய்: கிழியட்டு.

மோகனன்: இண்ணைக்கு முடியாது பின்னே.

தங்கபாய்: முடியாண்டாம்.

மோகனன்: தங்கபாய்... இடைவெளி சரியாத்தான் இருந்தது. நான் சும்மா சொன்னேன்.

தங்கபாய்: விரல் வச்சு அளந்து கெட்டினவளாக்கும் நான். எனக்குத் தெரியாதா?

மோகனன்: பின்ன எதுக்கு அவுத்தே?

தங்கபாய்: நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?

மோகனன்: நீ முதல்ல சொல்லு.

தங்கபாய்: அம்மைய நேத்து அடக்கம் செய்தாச்சு அண்ணா. அவன் வருவான்ணு கல்லறைத் தோட்டத்துல மஃப்டி போலீசு காத்துக் கெடக்கு. விளக்கு எரிஞ்சா எறங்கிருவான், அதான் அவுத்தேன். அம்மை போனத அவங்கிட்ட சொல்லிராதீங்க... உங்க காலப் பிடிக்கேன்.

மோகனன்: சாவுமணி குன்றுவரைக்கும் கேட்டுது மக்கா. அம்மைக்குத்தான்ணு அப்பவே அறிஞ்சிட்டான். எறங்கி ஓடினவன நாங்க ரெண்டுபேருமாப் பிடிச்சு, தோர்த்துத் துண்டால கைய கெட்டிப் போட்டிருக்கோம். விளக்கையும் கண்டான்ணா எந்தக் கெட்டும் நிக்காது... நீ கொளுத்தாம பாக்கத்தான் வந்தேன்.