முள்ளை ஓரமா ஒதுக்கும் பூனை

—அசையாதீங்க. இப்ப காதை ஆட்டுச்சு.

—காதுல ஈ உட்கார்ந்துச்சு. அதுக்கு ஆட்டுச்சு.

—மெதுவா பேசுங்க. நாம சமையலறைக் கதவுக்குப் பின்னால நிக்கிறது தெரிஞ்சா மேனேஜர் ஒரு சேட்டையும் பண்ணாது.

—தெரியாட்டியும் பண்ணாது. எலுமிச்சம்பழம் வெச்ச வறுத்த மீன், மூடாத பால், நூல் உருண்டைன்னு ஹால் மேசை பூரா பரப்பி வெச்சிருக்கோம். ஒரு பூனைக்கு இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்? சத்தியமா சொல்றேன், எனக்கே எச்சில் ஊறுது.

—உங்களுக்கு எப்பவும்தான் ஊறும். அதுக்கு ஊறணுமே. அதோ, எழுந்துச்சு. தட்டுக்கிட்ட போகுது பாருங்க.

—மோந்து பாக்குது.

—எடு, ராஜா. என் தங்கம்ல. ஒரே ஒரு துண்டு எடுத்துக்கிட்டு ஓடு.

—திரும்பிடுச்சு.

—ஐயோ, ஏன் திரும்புச்சு?

—தட்டு விளிம்புல வால் படாம, ஒதுங்கி உட்கார்ந்து முதுகை நக்குது. சத்தியமா இது பூனையே இல்ல. யாரோ பெரிய மனுஷன் பூனையாப் பொறந்திருக்கார்.

—சிரிக்காதீங்க. பதிப்பாளர் சாயங்காலம் வரேன்னிருக்கார். ஏழாவது புத்தகத்துக்கு என்ன கதைன்னு கேட்டா நான் என்ன சொல்ல? மேனேஜர் நல்லபடியா தூங்குச்சு, எழுந்து கொட்டாவி விட்டுச்சுன்னா?

—ஏதாவது கற்பனை பண்ணி எழுதேன். எழுத்தாளர்தானே நீ.

—எப்படி எழுதுவேன்? ஆறு புத்தகத்தோட பின்னட்டையிலயும் என்ன போட்டிருக்கு? எல்லாச் சேட்டையும் எங்க வீட்டுல நெசமா நடந்ததுன்னு போட்டிருக்கு. பிள்ளைங்க மேடைக்கே வந்து, “நெஜமாவா அத்தை?”ன்னு கேட்டப்ப தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க மட்டும் என்ன, பாக்காததை வரைஞ்சிடுவீங்களாக்கும்?

—அது நம்மால ஆகாது. கண்ணு பாத்தாத்தான் கை ஓடும்.

—அந்தக் கையாலதான் இந்த வீட்டுல எது கொட்டினாலும், எது உடைஞ்சாலும், நீங்க வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் துடைக்காம காத்துக் கிடக்கேன். போன வருஷம் பால் கொட்டினதை எறும்பு வரிசையோட சேத்து வரைஞ்சீங்க.

—எறும்பு இருந்துச்சே.

—இன்னைக்குக் கதை இல்லைன்னா மேனேஜரை நிறுத்திட்டு வேற தொடர் ஆரம்பிச்சிடுவாராம். கிளியாம். பேசுற கிளி.

—கிளியா? நம்ம மேனேஜர் இடத்துல ஒரு கிளியா?

—பத்து வருஷம் பெரியவங்களுக்கு எழுதினேன். என் அக்காகூட முழுசாப் படிக்கல. இந்தப் பூனையை எழுதினப்புறம்தான் ஒரு பொண்ணு தெருவுல என் கையைப் பிடிச்சு நிறுத்தி, “மேனேஜர் சாப்பிட்டாச்சா?”ன்னு கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து எவ்வளவு அழுதேன் தெரியுமா? அதைப் போய் ஒரு கிளிக்குத் தூக்கிக் குடுக்க எனக்கு மனசு வருமா, சொல்லுங்க.

—வராது. எனக்கும்தான் வராது. இப்ப என்ன பண்ணலாங்கறே?

—யோசிக்கணும். எப்ப இருந்து இது இவ்வளவு நல்லதாப் போச்சு?

—ரெண்டு மாசம் இருக்கும்.

—ரெண்டு மாசத்துக்கு முன்னால இந்த வீட்டுல என்ன நடந்துச்சு?

—ஒண்ணும் நடக்கலையே.

—நடந்துச்சு. டாக்டர் உங்களைக் கூப்பிட்டு, வறுத்தது கூடாது, இனிப்பு கூடாது, மீறினா என்கிட்ட வராதீங்கன்னு சொன்னார். நீங்களும் பயந்துபோய் வாயைக் கட்டினீங்க.

—அதுக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம்?

—அதைத்தான் நானும் யோசிக்கிறேன். நீங்க வாயைக் கட்டின அன்னைக்கே மேனேஜரும் வாயைக் கட்டிருச்சே. வாங்க வேலை அறைக்கு. அந்த மூணாவது புத்தகத்தைப் பாக்கணும்.

—மீனை இப்படியே விட்டுட்டா?

—விட்டுட்டுத்தான். நாம இல்லைன்னா தின்னாலும் தின்னும். வாசக் கதவையும் திறந்தே போடுங்க, பதிப்பாளர் மணி அடிச்சா மிரண்டுடும்.

—எங்க தின்னப் போகுது? நம்ம பின்னாலயே வருது பாரு. வந்து வரைபலகை மேல ஏறிடுச்சு. ஈரம் காயாத படத்தை மிதிக்காம, ஓரமாப் பாத்துப் படுக்குது. என்ன ஒரு பொறுப்பு.

—அது இருக்கட்டும். இங்க பாருங்க. மூணாவது புத்தகம், “மேனேஜரும் மீன் தட்டும்”. அலமாரி மேல நான் ஒளிச்சு வெச்ச மீனை மேனேஜர் எடுத்துத் தின்னுச்சு. நீங்கதான் முதல்ல பாத்தீங்க, நீங்கதான் வரைஞ்சீங்க. அலமாரி பக்கத்துல இது என்ன?

—முக்காலி.

—பூனை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுமா?

—இருந்துச்சு, வரைஞ்சேன்.

—தட்டு ஓரத்துல என்ன?

—முள்ளு.

—எப்படி இருக்கு?

—இருக்கு. வரிசையா.

—பெருசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், பாய்ல பிள்ளைங்களைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கு. உலகத்துல எந்தப் பூனை முள்ளை ஓரமா ஒதுக்கி அடுக்கி வெச்சுட்டு மீன் தின்னும்?

—நல்லா வளர்ந்த பூனை.

—எனக்குத் தெரிஞ்சு அப்படி அடுக்குற ஆள் ஒருத்தர்தான். அவருக்கு வால் கிடையாது.

—சத்தியமா...

—சத்தியத்தை இங்க இழுக்காதீங்க. நாலாவது புத்தகம். உங்க அம்மாவோட மூக்குக்கண்ணாடியை மேனேஜர் மிதிச்சு உடைச்சுச்சு. சோபாவுல இவ்வளவு பெரிய பள்ளம் வரைஞ்சிருக்கீங்களே, ஒரு பூனை உட்கார்ந்தா இப்படியா அமுங்கும்?

—அன்னைக்கு அது நிறையச் சாப்பிட்டிருந்துச்சு.

—இது உங்க அளவுப் பள்ளம். பெத்த தாய்கிட்டயே பூனையைக் காட்டிக் குடுத்திருக்கீங்க. அஞ்சாவதுல கேக்கு. நடுவுல சதுரமா ஒரு துண்டைக் காணோம். பூனை கத்தியால வெட்டிச்சா?

—இல்ல.

—பின்ன?

—நான்தான் வெட்டினேன். வட்டமாக் கடிச்சு வெச்சிருக்கணும், அவ்வளவு அறிவு எனக்கு வரல. போதுமா? மீனும் நான்தான். கண்ணாடியும் நான்தான். உனக்கு இவ்வளவு நாளாத் தெரியலையேன்னு எனக்கே ஆச்சரியம்.

—எனக்கு எப்படித் தெரியும்? நான் நம்பினேன். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சு, அதுக்குப் படமும் வரைஞ்சு குடுத்திருக்கீங்க. நான் அதைக் கதையா எழுதி, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டியிருக்கேன். இப்ப எந்த முகத்தோட அதுங்க முன்னால போய் நிப்பேன்?

—கோவிச்சுக்காத.

—கோவம் இல்ல. கேவலமா இருக்கு. வாயில்லா ஜீவன். திட்டும்போதெல்லாம் என்னையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சே. நான் பண்ணலைன்னு அது யார்கிட்ட சொல்லும்?

—சரி, நான் மட்டும்தானா? முதல் புத்தகத்துக்கு வா.

—முதல் புத்தகத்துக்கு என்ன?

—நான் போட்டிக்கு அனுப்ப வரைஞ்ச படம். டீ கொட்டிருச்சு. மேனேஜர் கோப்பையைத் தட்டி விட்டுச்சுன்னு சொன்னியே.

—ஆமா. தட்டி விட்டுச்சு.

—தட்டி விட்டா டீ ஓடும். அந்தப் படத்துல வட்டமா ஒரு கறை இருந்துச்சு. யாரோ கோப்பையைத் தூக்கி வெச்சுக் குடிச்சிட்டு, மறுபடி அதே இடத்துல வெச்சு, மறுபடி குடிச்ச கறை. பூனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சிருக்குமோ என்னவோ.

—அது வந்து...

—என்ன வந்து?

—நீங்க அன்னைக்குக் குழந்தை மாதிரி அழுதீங்க. பெரிய தாளா இருந்துச்சு, மேசை விரிப்புன்னு நெனச்சு வெச்சுட்டேன். சொல்ல வாய் வரல. மேனேஜர் பக்கத்துல உட்கார்ந்திருந்துச்சு. சொல்லிட்டேன். உங்களுக்கு அப்பவே தெரியுமா?

—கறையை வரைஞ்சவன் நான்தானே. தெரியாமலா?

—ஏன் கேக்கல?

—பூனைதான்னு நீ ஆரம்பிச்சதும் ஒரு கதை சொன்ன பாரு. கேட்டுக்கிட்டே இருந்தேன், அழுகை நின்னு சிரிப்பு வந்துடுச்சு. அதைப் போய் எப்படிக் கெடுக்கிறது? அதான் மறுநாள் வரைஞ்சு குடுத்தேன்.

—பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. அப்ப மேனேஜர் இதுவரைக்கும் ஒண்ணுமே பண்ணதில்லையா? ரெண்டாவது புத்தகத்துல கிழிஞ்ச திரை?

—நான் பல்பு மாட்டுறப்ப முக்காலி ஆடிச்சு, திரையைப் பிடிச்சேன்.

—ஆறாவதுல உடைஞ்ச பூச்சாடி?

—அது சத்தியமா நான் இல்ல.

—தெரியும். அது நான்.

—சரிதான். ரொம்ப நல்ல குடும்பம்.

—நான் முடிவு பண்ணிட்டேங்க. ஏழாவது புத்தகத்துல உண்மையைச் சொல்லிடறேன். “ஒண்ணுமே செய்யாத மேனேஜர்”. ஒவ்வொரு தடவையும் யார் பண்ணினது, யார் பூனை மேல போட்டதுன்னு எல்லாம். நீங்க அதே படங்களைத் திரும்ப வரையணும், இந்தத் தடவை ஆளையும் சேத்து.

—சோபாப் பள்ளத்துல நான் உட்கார்ந்திருக்கிற மாதிரியா?

—உங்க அம்மா கண்ணாடியோட.

—சார், மேடம், உள்ள வரலாமா?

—ஐயோ, வாங்க சார். எப்ப வந்தீங்க?

—இப்பத்தான். அதாவது, கொஞ்சம் முன்னால. கதவு திறந்து கிடந்துச்சு. உள்ள சத்தமாப் பேசிட்டிருந்தீங்க. ஒரே ஒரு விஷயம், அடுத்தவங்க குடும்பச் சண்டையில நான் தலையிடறதில்ல, அதான் ஹால்லயே உட்கார்ந்தேன். இன்னொரு ஒரே ஒரு விஷயம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? காரமா இருக்கு. அதாவது, வெளியில. வெயில்.

—நான் கொண்டு வரேன். நீ சாருக்கு விஷயத்தைச் சொல்லு.

—சார், ஏழாவது கதை ரெடி. மேனேஜர் எந்தச் சேட்டையும் பண்ணல. எல்லாம் நாங்க பண்ணிட்டு அது மேல போட்டோம். அதுதான் கதை.

—மேடம், ஒரே ஒரு விஷயம். பூனை நிரபராதின்னு புத்தகம் போட்டா யார் வாங்குவா?

—பிள்ளைங்க வாங்கும். வீட்டுல எது உடைஞ்சாலும் முதல்ல அதுங்க முகத்தைத்தானே பாக்கிறோம்? நீதானேன்னுதானே கேக்கிறோம்? அதுங்களுக்குத் தெரியும் சார், மேனேஜர் படற பாடு.

—பிள்ளைங்க சரி. பெரியவங்க வந்து நான்தான் பண்ணினேன்னு ஒத்துக்கிறதா எழுதப் போறீங்க. என் வயசுல அப்படி ஒரு பெரியவரை நான் பாத்ததில்ல. நம்ப மாட்டாங்க, மேடம். கிளி பரவாயில்ல. கிளி பேசும், நம்புவாங்க.

—கிளியை நம்புவாங்க, எங்களை நம்ப மாட்டாங்களா?

—இங்க ஹாலுக்கு வாங்க ரெண்டு பேரும். சீக்கிரம். எதையும் துடைக்காதீங்க.

—என்னங்க, என்ன ஆச்சு?

—மீனைக் காணோம்.

—காணோமா? நெசமாவா? ஐயோ, மேனேஜர் தின்னுடுச்சு. என் ராஜா, கடைசியில தின்னுட்டியா. பாருங்க சார், நெசமான சேட்டை. உங்க கிளிக்கு இனி வேலை இல்ல.

—ஆமா மேடம். பூனைதான். நானே பாத்தேனே. அப்படிப் போச்சு.

—பொறு, வரைஞ்சுக்கிறேன். தட்டு. பால் டம்ளர், அது காலி. எலுமிச்சம்பழம், பிழிஞ்சு கவுத்து வெச்சிருக்கு.

—பிழிஞ்சா?

—நல்லாப் பிழிஞ்சு. அப்புறம் முள்ளு. ஏய், இங்க பாரேன்.

—ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கு. நீங்களா?

—சத்தியமா இல்ல. உன்கூடத்தானே உள்ள திட்டு வாங்கிட்டிருந்தேன். அதுவும் இல்லாம, நான் பெருசு சின்னதுன்னு பிரிச்சு வைப்பேன். இதுல எல்லாம் கலந்து கிடக்கு.

—அப்ப மேனேஜர் எங்க?

—இன்னும் வரைபலகை மேலதான் தூங்குது. குறட்டை இங்க வரைக்கும் கேக்குதே.

—சார்.

—சொல்லுங்க, மேடம்.

—உங்க மீசையில பால் ஏடு ஒட்டியிருக்கு.

—ஒரே ஒரு விஷயம், மேடம். கிளியை இன்னைக்கே நிறுத்திடறேன், நீங்க சொன்ன உண்மைக் கதையையே போட்டுடலாம்; இந்த மீனை மட்டும் பூனைன்னே எழுதிடுங்க.