எதிர்க்கரை லைட்டு

— அந்த டேபிள் பேன் மோட்டாரைக் கீழ வைங்க வீரமலை. அது ஒங்களுக்கு ஆகாது.

— ஏன் பாய் ஆகாது? கரண்டு விட்டா காத்து குடுக்குதுல்ல? காத்துல கட்டிவிட்டா கரண்டு குடுத்துட்டுப் போவுது.

— மாட்டுக்குப் புல்லு போட்டா பால் வருது. பாலை ஊத்துனா புல்லு வருமா?

— வராதா?

— சாரா! இங்க வந்து இந்த மனுசனைப் பாரேன்!

— உள்ளேருந்து கேட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன். பாலக்கரைக் காயலாங்கடை வரைக்கும் தேடி வந்தவரை இப்படியா கிண்டல் பண்ணுவீங்க? தம்பி, இந்தாங்க, டீ குடிங்க. காத்தாடி வச்சு லைட்டு எரிக்கணும்னு ஒங்களுக்கு என்ன தலையெழுத்து?

— அக்கா, கொள்ளிடத்துக்கு வடகரை நம்ம ஊரு. தென்கரையில சீரங்கம் ஜெகஜோதியா எரியுது. எங்களுக்கு ஒரு கம்பம்கூட நடல. தை மாசம் கல்யாணம் ஆச்சு. பொண்ணு சீரங்கம். மாப்பிள்ளை வீட்டுல கரண்டு இருக்குன்னு தரகர் அடிச்சு விட்டுட்டாரு.

— நீங்க இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?

— பொண்ணைப் பாத்துட்டேனேக்கா. அப்புறம் எங்கேருந்து வாயைத் தொறக்குறது?

— அதுசரி!

— இப்ப ஆடிக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்கு அழைச்சுட்டுப் போயிட்டாங்க. அழைக்க வந்தப்பவே மாமியாருக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. "தெனம் மொட்டை மாடியில நின்னு எதிர்க்கரையைப் பாப்பேன். ஆடி முடியறதுக்குள்ள ஒங்க வீட்டுல லைட்டு எரியணும். இல்லன்னா பொண்ணை அனுப்ப மாட்டேன்"னுட்டாங்க.

— ஒரு பெட்ரோமாக்ஸைத் தூக்கிக் கட்டுங்க தம்பி. அங்கேருந்து யாருக்குத் தெரியப்போவுது?

— மச்சான் ஒருத்தன் இருக்கான் பாய். சைக்கிள எடுத்துக்கிட்டுப் பாலம் தாண்டி வந்து, பல்பைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போவான். அதை விடுங்க. இந்த லாரி டைனமோ எப்படி?

— பொறுமை, பொறுமை. அது எஞ்சின் வேகத்துக்குச் சுத்துனாத்தான் கண்ணைத் தொறக்கும். காத்தாடி வேகத்துக்குக் கொறட்டை விட்டுக்கிட்டுக் கெடக்கும். இந்தக் குட்டி மோட்டாரைப் பாருங்க, பட்டாளத்து ஏலத்துல வந்தது. உள்ள காந்தம் இருக்கு. மெதுவாச் சுத்துனாலும் குடுக்கும். சுத்துங்க பாப்போம்.

— பம்பரமாட்டம் போவுது.

— இப்ப ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கிட்டேன். இப்பச் சுத்துங்க.

— அட! புடிச்சு இழுக்குது பாய்! உள்ள யாரு?

— கரண்டுதான்! ஒயரைச் சேத்தா மொரண்டு புடிக்கணும். அதான் நல்ல மோட்டாருக்கு அடையாளம்.

— அப்ப எங்க மாமியார் அசல் மோட்டாருதான்.

— ஹா! ஒயரைப் பிரிச்சு இந்தப் பல்புல மாட்டுறேன். ம்… சுத்துங்க!

— எரியுது! எரியுது பாய்! அக்கா, பாருங்கக்கா!

— பாத்தேன் பாத்தேன். ரெண்டு பேரும் குதிக்கிறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஏங்க, ஆடி போனா காத்து ஏது?

— யா அல்லா!

— ஆவணியில பொண்ணு வந்து எறங்கும். காத்தாடி அசையாம நிக்கும். இவரு சிம்னி வெளக்கைத் தொடைச்சு ஏத்துவாரு. மறுநாளே அது மூட்டையைக் கட்டாதா?

— சாரா சொல்றது நெசம் தம்பி. இதை ஒங்களுக்கு விக்க எனக்கு மனசு வரல. பேசாமப் போயி மாமியார்கிட்ட உண்மையைச் சொல்லிருங்க.

— சொன்னா அனுப்ப மாட்டாங்க பாய். அவ இல்லாத வீட்டுல எனக்குச் சோறு எறங்கல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

— அதுக்காக அந்தப் புள்ளையை ஏமாத்தலாமா தம்பி? ஒங்களை நம்பி வர்ற புள்ள.

— ஏமாத்துறதா? அக்கா, "ஆடிக் காத்து அடிக்கிற வரைக்கும் எரிஞ்சா எங்கம்மாவுக்குப் போதும், ஆவணியில நான் வந்துடுறேன், சிம்னி வெளக்கே எனக்குப் போதும், மொதல்ல பாலக்கரைக்குப் போயி ஒரு மோட்டாரு வாங்குங்க"ன்னு, வண்டி ஏறுறப்ப என் காதுல சொல்லிட்டுப் போனதே அவதான்.