பைப்பைத் திற, சதீசு

நில்லுப்பா சதீசு, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ. உன் ஜீப்பு எங்கிட்டும் ஓடிறாது. மாட்டுப்பட்டி டேமுக்கு ஆளு ஏத்தணுமா? ஏத்தலாம், ஏத்தலாம். என் மருமக இந்துவைக் காலையில ஆஸ்பத்திரியில இறக்கிவிட்ட சூடு ஆறல, அதுக்குள்ள டேமு. அட, சண்டைக்கா கூப்பிட்டேன்? உன் வீட்டுத் தண்ணி ஹீட்டரை எப்படிப் போடுறதுன்னு சொல்லிக் குடு, அம்புட்டுத்தான். எங்க வீட்டுக்கும் ஒண்ணு மாட்டணும்ல. இந்துவுக்குப் பிள்ளை பொறந்தா இந்தக் குளிருக்குச் சுடுதண்ணி வேணுமே.

என்ன சிரிப்பு? மூக்கம்மாவுக்கு எதுக்கு ஹீட்டருன்னா? ஆமா, மழையில ஊறி, தேயிலைக் கொழுந்தெடுத்து, அட்டைக்கடி ரத்தத்தோட வர்றவளுக்கு விறகடுப்பே ஜாஸ்தி. உங்கப்பா பெரியமுத்து அண்ணன் குடியிருந்த எஸ்டேட்டு லயத்து வீட்டை டூரிஸ்டுக்கு ரூமாக்கிட்ட, எர்ணாகுளத்துக்காரங்க வந்து சுகமாக் குளிக்கிறாக. நான் கேட்டா பொறாமைங்கிற. பொறாமைதான், வச்சுக்கோ.

சொல்லு. வர்ற ஆளுகளுக்கெல்லாம் பாடம் எடுப்பியே, எனக்கும் எடு. மொதல்ல பைப்பைத் திறந்து தண்ணி வருதான்னு பாக்கணும், அப்புறம்தான் சுவிட்ச். சரி. தண்ணி இல்லாமப் போட்டா உள்ள கருகிப் போகும். சரி. ஈரக்கையோட சுவிட்சைத் தொடக்கூடாது. வாளியில பிடிச்சு, சுவிட்சை அணைச்சுட்டுத்தான் மேல ஊத்திக்கிடணும். பரவால்ல, நல்லாத்தான் சொல்ற. மூணு பின்னு பிளக்கா? அந்த மூணாவது பின்னு எதுக்குடா? எர்த்துக்கா. எர்த்து எங்க போகணும்? மண்ணுக்குள்ள. அப்படிச் சொல்லு. உன் ஹீட்டரு எர்த்து எந்த மண்ணுக்குள்ள போகுது?

ஜீப்பை ஏன் பாக்குற? இங்க பாரு.

பைப்புல கட்டியிருக்க. இந்தா, ஆறு வீட்டுக்கும் பொதுவா சுவத்துல ஓடுதே, இந்த இரும்புப் பைப்புல. லயத்துல எல்லாரும் அப்படித்தான் கட்டுவாங்கன்னு சொல்லுவ. ஆமா, கட்டினோம். எங்க டிவிக்கும் கட்டியிருந்துச்சு. அப்ப பைப்பு மலையிலேர்ந்து மண்ணுக்குள்ளயே வந்துச்சுப்பா. போன வருசம் ஆனை மிதிச்சு நொறுக்குனதை மறந்துட்டியா? எஸ்டேட்டுக்காரன் இரும்பைத் தூக்கிப் போட்டுட்டு கறுப்பு பிளாஸ்டிக் ஓஸைத்தானே மாட்டுனான்? இப்ப இந்தச் சுவத்துல கிடக்குற இரும்பு எந்த மண்ணைத் தொடுது? அந்தரத்துல தொங்குது. உன் ஹீட்டர்ல கசியுற கரண்டு பூரா இதுக்குள்ள வந்து, எவ தொடுவா எவ தொடுவான்னு காத்துக்கிட்டு நிக்குது.

யாரு சொன்னாவா? என் மகன் அருண்பாண்டிதான் சொன்னான். கட்டுன பொண்டாட்டி பைப்படியில விழுந்து கிடந்தா எவனும் ஒரு எட்டு பாப்பான்ல? பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனான். இன்னொண்ணும் பாத்தான். ஷாக் அடிச்சா தானா விழுமே ஒரு சுவிட்ச், ஈ.எல்.சி.பி., அது உன் வீட்டுலயும் இருக்கு. ஆளு குளிக்கப் போனாலே பட்டு பட்டுனு விழுந்துச்சுன்னு நீயே எங்கிட்டப் புலம்பியிருக்க. அது கசியுது கசியுதுன்னு உன்னைப் பாத்துக் கத்துச்சுடா. நீ என்ன பண்ணுன? வயரை முறுக்கி நேராக் குடுத்து அது வாயை அடைச்சுட்ட. வந்தவன் சுடுதண்ணி வரலைன்னு மொகத்தைச் சுளிக்கக் கூடாது. எங்க வீட்டுப் பிள்ளை போனாப் போகட்டும்.

பொய்யா? சரி, அருண்பாண்டி பொய் சொல்றான். எனக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சு. அஞ்சு மாசக்காரிக்கு மயக்கம் வராதான்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுற. அவ உள்ளங்கையில கறுப்பா ஒரு கோடு கிடக்கே, அது என்னவாம்? அடுப்புல சுட்டுக்கிட்டாளா. கேட்டுக்கிறேன். அவளுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. விழுந்ததைப் பாத்தவன் நீ ஒருத்தன்தான். நீதான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுன, இல்லேங்கல. அதுக்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேன் காலையில. இப்ப அந்தக் கையை வெட்டிப் போடலாம்னு வருது.

சரி விடு, மயக்கம்னா மயக்கம். பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு. இந்தா சொம்பு. ஒரு வாய் தண்ணி பிடிச்சுக் குடு.

அட, பிடிப்பா. உன் ரூம்ல தங்கியிருக்கிற டூரிஸ்டு குளிக்கத்தானே போயிருக்காரு, ஹீட்டரைப் போட்டுவிட்டுத்தானே வந்த? அவருக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு உள்ள பூரா பிளாஸ்டிக் பைப்பு. இரும்பு எங்களுக்குத்தான். ஏ மாரீஸ்வரி, செல்வலட்சுமி, உள்ள நின்னு எட்டிப் பாக்காம வெளிய வாங்கடி. சதீசு எனக்குத் தண்ணி பிடிச்சுக் குடுக்குறதை வந்து பாருங்க.

திற.

துண்டை எதுக்குக் கையில சுத்துற? அவிழ்த்துப் போடு. இந்து வெறுங்கையாலதான் திறந்தா. செருப்பையும் கழட்டு, அவ செருப்பு போட்டிருக்கல. ஏன் பின்னாடி போற? மயக்கம் வந்துருமோ? உனக்கும் அஞ்சு மாசமா?

மாட்டியா? சரி, நான் திறக்கேன். தள்ளு.

என்னது? தொடாதீங்க அத்தையா? ஏன் தொடக்கூடாது? இன்னொருக்காச் சொல்லு. சத்தமாச் சொல்லு, மாரீஸ்வரிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இந்தா பாரு, ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன். ஒண்ணும் செய்யல. உன்னைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே மீட்டர் பெட்டியிலேர்ந்து உன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில முடிஞ்சுக்கிட்டேன். கரண்டே இல்லாத பைப்புடா இது. இதுக்கா தொடாதீங்கன்னு கத்துன? உள்ள அந்த ஆளு கத்துறது கேக்குதா, தண்ணி ஜில்லுனு வருதாம். குளிக்கட்டும். நாங்க குளிக்கல?

இந்தா போனு. அருண்பாண்டிதான். அப்பத்திலேர்ந்து லைன்லயேதான் இருக்கான், பக்கத்துல டாக்டரம்மா நிக்கிறாக. நீ மயக்கம்னு சொல்லிட்டு வந்ததை நம்பி, குளுக்கோஸ் ஏத்தி சாயங்காலம் வீட்டுக்கு விடப் போறாகளாம். கரண்டுன்னா வேற வைத்தியமாம், வயித்துப் பிள்ளைக்கு ஸ்கேன் பாக்கணுமாம். அருண்பாண்டி சொன்னா, நீ கண்ணால பாத்தியான்னு அவனைக் கேக்கிறாக.

காலையிலேர்ந்து பிள்ளை அசையலன்னு இந்து அழுகுறா. பிடி போனை. மயக்கம்னு சொன்ன அதே வாயால சொல்லு.