துர்கா குரலின் கடைசிப் பிரதி

பேக்கப் எடுத்து வைப்பது நல்ல பழக்கம் சார். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இணையத்தில் யார் எந்த நிரலைப் பொதுவில் போட்டாலும் எனக்கென்று ஒரு பிரதி இறக்கி வைத்துவிடுவேன். திடீரென்று தளத்தை மூடிவிட்டுப் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

அறிவழகன் என் சென்டரில் உட்கார்ந்துதான் தன் நிரலை எழுதினான். தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டர் அதைத் தமிழில் பேசும். குரல் அவன் அக்கா துர்காவுடையது. பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர். தொண்டையில் புற்று, ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே, ஆறிக் கிடந்த பொம்மைச் சூளைக்குள் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகத் தன் குரலைப் பதிந்து கொடுத்தார். இரைச்சல் புகாத இடம் இந்த ஊரில் வேறு ஏது? எல்லாவற்றையும் பொதுத் தளத்தில் ஏற்றினோம். பாஸ்வேர்டு என்னிடமும் இருந்தது.

பிறகு துர்கா தினமும் சென்டருக்கு வந்தார். அவர் தட்டச்சு செய்ய, கம்ப்யூட்டர் பேச, பெண்ணாடத்தில் தங்கிப் படிக்கும் மகள் போனில் கேட்பாள். என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

ஒருநாள் அறிவழகன், "வூட்டுக்கே கம்ப்யூட்டரு வாங்கிட்டேண்ணே. இனிமே அக்கா அலைய வேணாம்," என்றான். சந்தோஷம்தான். அன்றே தளத்திலிருந்து எல்லாவற்றையும் அழித்தேன். சென்டர் கம்ப்யூட்டரிலும் அழித்தேன். தளத்துக்காரர்கள் தூக்கிவிட்டார்கள், இங்கே வைரஸ் தின்றுவிட்டது என்றேன். நம்பினார்கள். துர்கா கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். சத்தமில்லாமல் ஒருவர் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் நான் என்ன செய்ய முடியும்? என் வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்கில் மட்டும் பிரதி பத்திரமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, பழைய சி.டி. ஏதாவது கிடைக்குமா என்று கேட்க, அக்காவும் தம்பியும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுங்களா?"

துர்காவின் குரல் வாசல்வரை கேட்டிருக்கிறது. அறிவழகன் கதவை இடித்துத் திறந்தான். "அண்ணே, அது எங்க அக்கா குரலு. குடுத்துடுங்கண்ணே, உங்க கால்ல வுழறேன்." துர்கா வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை.

கொடுத்தால் போய்விடுவார். டிஸ்கைக் கழற்றி அம்மிக்குழவியால் நொறுக்கினேன். வேறு பிரதி கிடையாது சார்.

திருடி வைத்திருந்தேன் என்கிறார்கள். அபாண்டம். "இங்கியே இருக்கறேங்க, எங்கயும் போவ மாட்டேங்க" என்று துர்காவே தினமும் சொன்னார். நான் தட்டச்சு மட்டும்தான் செய்தேன்.