சுவரொட்டியின் கீழ்ப்பாதி

உங்கள் அறை நாட்காட்டி கொஞ்சம் கோணலாகத் தொங்குகிறது, மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. நேற்றிலிருந்து அதை நேராக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது.

ராக் ஆல்பங்களுக்குப் போடும் சுவரொட்டியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். பன்னிரண்டு வருடத்தில் இதை அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். எழுத ஒருவரை உட்கார வைத்திருக்கிறீர்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

ஆல்பம் வெளிவரும் தேதியைச் சொல்லத்தான் சுவரொட்டி. ஆனால் தேதியை யாரும் முதலில் பார்ப்பதில்லை. பேருந்தில் போகிறவனுக்கு மூன்று விநாடிதான் கிடைக்கும், அதற்குள் அவனைப் பிடித்தாக வேண்டும். அதனால் பின்னணி இருட்டாக இருக்கும். எழுத்து விரிசல் விட்டோ உரிந்தோ இருக்கும். புத்தம் புதிதாக இருந்தால் சோப்பு விளம்பரம் ஆகிவிடும். கேமராவை இடுப்புக்குக் கீழே வைத்து, முதுகுக்குப் பின்னால் வானம் தெரிய எடுக்க வேண்டும். ஆட்கள் நம்மைக் குனிந்து பார்ப்பார்கள். யாரும் சிரிக்கக் கூடாது. நடுவில் ஒரு அடி முன்னால் எவன் நிற்கிறானோ, குழு அவனுடையது.

குழுவில் யாராவது செத்துப்போனால் அதற்கும் ஒரு முறை உண்டு. அவனிடமிருந்து நிறத்தை எடுத்துவிட வேண்டும். மற்றவர்களைவிட நாலு விரற்கடை உயரத்தில் வைக்க வேண்டும். அவனுக்கு நிழல் விழாது. கண் நம்மைப் பார்க்காமல் ஓரமாக எங்கோ பார்க்கும். ஒரு வரிகூட எழுத வேண்டாம், ஜனங்கள் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

எங்கள் குழுவில் நான்கு பேர். நடுவில் நின்று பாடியவன் முதலில் என் நண்பன், பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆனான். நான் மேடை ஏறியதில்லை, எனக்குத் தாளமும் வராது, சுருதியும் சேராது. ஆனால் ஏழு ஆல்பங்களுக்கும் சுவரொட்டி என்னுடையது. கீழே வலது மூலையில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். அதுதான் என் கையெழுத்து. "கொசு கடிச்ச மாதிரி இருக்குண்ணா" என்று தங்கை கிண்டல் செய்வாள். ஆனாலும் அந்தப் புள்ளியைப் பார்க்க நான் தெருத் தெருவாக நடந்திருக்கிறேன்.

எட்டாவது ஆல்பம் முடிந்தபோது மாப்பிள்ளை, "போஸ்டருக்கு இப்ப அவசரமில்ல மச்சான், பொறுமையாப் பாத்துக்கலாம்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டார் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த வயரை.

அடுத்த வாரம் ஒரு செருப்புக் கடைத் துண்டுப் பிரசுரத்துக்காக அச்சகம் போனேன். பெரிய சுவரொட்டிகளை ஒரே தாளில் அடிக்க முடியாது, மேல்பாதி தனி, கீழ்ப்பாதி தனி. சுவரில் ஒட்டும்போதுதான் இரண்டும் சேரும். காய வைத்திருந்த ஒரு கீழ்ப்பாதியைக் கண்டதும் நின்றுவிட்டேன். அச்சகக்காரர் அவசரமாக வந்து அதன்மேல் ஒரு தாளை இழுத்துப் போட்டார். "அது வேற பார்ட்டியோடது சார், நீங்க பாக்காதீங்க" என்றார். முப்பது வருடமாக அச்சடிக்கிறார், பொய் சொல்ல மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தச் சில விநாடிகள் எனக்குப் போதும். எந்த ராக் சுவரொட்டியிலும் ஒரு சாண் கிழித்துக் கொடுங்கள், மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன். நான்கு ஜோடி பூட்ஸ் என் மாப்பிள்ளையும் அவன் ஆட்களும். நடுவில், ஒரு அடி முன்னால், ஐந்தாவதாக ஒரு ஜோடிக் கால்கள். பழைய கான்வாஸ் ஷூ, இடது கால் உள்பக்கம் திரும்பி, நிற்கவே தெரியாத ஆள். அவன் நிழல் மட்டும் வலப்பக்கம் விழுந்தது, மற்ற நால்வருக்கும் இடப்பக்கம். வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். படம் எடுக்க வரக்கூட நேரமில்லாத பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வலது மூலை காலியாக இருந்தது. என் புள்ளி இல்லை.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வேறு ஆளை வைத்துப் போஸ்டர் போடட்டும், முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். ஆனால் என் தங்கை, அச்சகக்காரர், மற்ற மூன்று பேர், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். மாப்பிள்ளையும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கூடவே இருந்தவனைக் கிள்ளுக்கீரையாக நினைத்துவிட்டார்கள் என்று அப்போது உறுதியானது.

திங்கட்கிழமை உட்கார்ந்து நானும் ஒரு சுவரொட்டி செய்தேன். பழைய படங்கள் என்னிடம் ஏராளம். மூன்று பேரைக் கீழே நிறுத்தினேன். மாப்பிள்ளையை நாலு விரற்கடை மேலே ஏற்றி, நிறத்தையும் நிழலையும் எடுத்துவிட்டு, ஓரமாகப் பார்க்க வைத்தேன். நான் செய்ததிலேயே நல்ல சுவரொட்டி அதுதான். மூலையில் புள்ளி வைத்து அன்றே வேறொரு அச்சகத்துக்கு அனுப்பினேன். அடிக்க நான்கு நாள் ஆகும், வேலையை முன்கூட்டியே முடிப்பது என் பழக்கம்.

வியாழக்கிழமை மதியம் மாப்பிள்ளையைப் படம் எடுக்கக் கூப்பிட்டேன். பழைய கிடங்கின் மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்திருந்ததால் அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிறு படத்தில் விழும் என்று அதை அவிழ்த்து ஓரமாகச் சுருட்டி வைத்தேன். அவன் உற்சாகமாக இருந்தான்.

"மச்சான், ஒரு விஷயம் இருக்கு. ஆனா இப்ப சொல்ல மாட்டேன்" என்றான்.

"சிரிக்காத மாப்ள. வானம் பத்தல, ஒரு அடி பின்னாடி போ."

"போதுமா?"

"இன்னும் ஒண்ணு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் சொன்ன இடத்தில் நின்றவன். நான் அவனைத் தொடவும் இல்லை, எங்களுக்குள் ஆறடி இடைவெளி இருந்தது. அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவனுக்குப் பின்னால் தரை இல்லை என்று எனக்குத் தெரியும், திங்கட்கிழமையிலிருந்தே தெரியும். அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவரெல்லாம் என் சுவரொட்டி. ஜனங்கள் அதன் முன்னால் நின்று அழுதார்கள். நீங்கள் மட்டும்தான், "ஒரே ராத்திரியில எப்படி அடிச்சீங்க?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அச்சகத்தில் வேலை கொடுத்த தேதிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. தேதியை யாரும் முதலில் பார்ப்பதில்லை என்றேனே, உங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று காலை என் தங்கை, நான் அச்சகத்தில் பார்த்த அந்தச் சுவரொட்டியின் மேல்பாதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். உங்கள் மேசையில் விரித்தாள். அவள் அழவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வெளிவர்ற அன்னிக்கு உனக்குக் காட்டணும்னு ஒளிச்சு வச்சிருந்தாரு அண்ணா. பன்னெண்டு வருஷமா எங்க அண்ணன் ஒரு போஸ்டர்லயும் இல்லையேன்னு நான்தான் கேட்டேன். மூலையில புள்ளி எதுக்கு, ஆளே நடுவுல நிக்கட்டும்னாரு."

முதல் ஆல்பத்துக்குப் படம் எடுத்த அன்று, வெளிச்சம் சரியா என்று பார்க்க நானே நடுவில் போய் நின்றேன். மாப்பிள்ளை விளையாட்டாகக் கேமராவை அழுத்திவிட்டான். அந்தப் படம்தான். அந்தக் கான்வாஸ் ஷூவைத் தூக்கிப் போட்டுப் பல வருடம் ஆகிறது. நீங்கள் அப்போது மேசைக்கு அடியில் என் இடது காலைப் பார்த்தீர்கள், நான் கவனித்தேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் தொழில் தெரிந்தவனாக ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தச் சுவரொட்டி சரியில்லை, மேடம். நிழல் ஒட்டவில்லை. மற்ற நாலு பேரும் முறைக்கிறார்கள், நடுவில் நிற்கிற நான் மட்டும் வாயெல்லாம் பல்லாக இருக்கிறேன். ராக் சுவரொட்டியில் யாரும் சிரிக்கக் கூடாது என்று அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.