கண் மூடாத ஜெபம்

செம்பரம்பாக்கம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைச் சிதறாமலும் சேதமில்லாமலும் செலுத்திய செம்மலே, வெள்ளிதோறும் நண்பகல் ஜெபத்தை நடத்திவந்த நல்லவரே, இன்று பணி நிறைவு பெறும் திரு. தேவராஜ் அவர்களே, தங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

இம்மடலை எழுதித்தரக் கேட்டபோது பேக்கிங் பிரிவு மதிவதனி தயங்கினார். மிசோரத்திலிருந்து வேலைக்கு வந்து, அவரை மணந்து, இதே கிடங்கின் வாசலில் அடிபட்டு இறந்த ரின்மாவியாவின் மனைவி அவர். "புகழ்றதுக்கு இன்னும் டைம் கீது" என்றார். பிறகு எழுதித்தந்தார். எங்கள் எல்லோர் பெயராலும் அதை வாசிக்கிறோம்.

இங்கே கைப்பேசி எது காணாமல் போனாலும் முதலில் சோதிக்கப்பட்டவர் ரின்மாவியா. சைனாக்காரன் என்றுதான் அழைப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை, ஜெபத்துக்கு வந்துகொண்டிருந்தவரை வாயிற்காவலர் இருவர் மறித்தார்கள். உள்ளே நாங்கள் கண்களை மூடி, எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தோம். வெளியே நடந்தது கேட்கவில்லை. ஆமென் சொல்லிக் கண் திறந்தால், வாசலைப் பார்த்தபடி முன்னால் நின்ற தங்களைக் காணோம். வாசலில் அவர் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தீர்கள்.

ஏணியிலிருந்து விழுந்தார் என்றது நிர்வாகம். காட்டுப்பாக்கத்துத் துக்க வீட்டுக்கு வந்த தாங்கள், ஜெபிக்கலாமா என்று கேட்டீர்கள். தங்களை நிர்வாகம் அனுப்பிய ஆள் என்றே மதிவதனி எண்ணினார்.

"ஜெபம்லாம் அப்பால பாத்துக்கலாம்ணே. நீங்க இன்னா பாத்தீங்க, அத்த சொல்லுங்க."

தாங்கள் எழுந்து போனீர்கள்.

அதன்பின் அவர் தங்களை விடாமல் கவனித்தார். மேலாளர் அறைக்குப் போனால் எதற்கு என்று பார்த்தார். பகல் ஷிஃப்ட் கிடைத்தபோது, எதற்கான கூலியோ என்று நினைத்தார். எங்களைக் கண் மூடச் சொல்லும் தாங்கள் மூடுவதே இல்லை என்பதையும் கண்டுகொண்டார். ஓரக்கண்ணால் அதை முன்பே பார்த்திருந்த சிலர், தங்களை வேவுகாரர் என்று பேசிவந்தோம்.

உள்விசாரணையில் நிர்வாக வக்கீல் சிரித்தபடி கேட்டார், ஜெபம் நடத்துகிறவர் கண்ணை மூடித்தானே நின்றிருப்பார் என்று. ஆம் என்றிருந்தால் தாங்கள் சேர்ந்த சபையில் மூப்பர் பொறுப்பு மிஞ்சியிருக்கும்.

"மூடல சார். வண்டி போற எடத்துல கண்ண மூடிப் பழக்கமில்ல. ஜெபத்துலயும் மூடறதில்ல. ரெண்டு பேரும் இரும்புப் பைப்பால அடிச்சாங்க. பாத்தேன்."

அந்தச் சொல்லால்தான் வழக்கு பதிவானது. ஜெபத்தில் கண் திறந்திருந்தவர் மூப்பராக இருக்கலாகாது என்று சபை தங்களை விலக்கியது. "எங்கியோ கீற ஊர்க்காரனுக்கோசரம் ஊழியத்தையும் கெடுத்துகினியேண்ணே" என்றார் எங்கள் பேபி அக்கா. அடுத்த வெள்ளி தாங்கள் ரின்மாவியாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்கள். எங்களில் பாதிப் பேர் எழுந்து போனோம்.

மதிவதனிக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. விசாரணையில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னவர்களை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவர் மகனோடு வெளியூர் போய்விடலாம்; சம்மன் ஆளில்லாமல் திரும்பலாம். தாங்கள் சாட்சிக் கூண்டில் ஏறும் நாள் இன்னும் வரவில்லை. தங்களைத் தவிர வேறு சாட்சியும் இல்லை.

ஆகவே ஐயா, சம்பிரதாயத்துக்காக அல்ல, மெய்யாகவே கேட்கிறோம்: தாங்கள் நலமாக இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலையை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். பார்வை மங்காமலும் நினைவு தப்பாமலும் அந்த நாள்வரை இருங்கள். அதற்குப் பின் வரும் நெடிய ஆண்டுகள் எல்லாம் தங்களுக்கே உரியவை. அதுவரை உள்ள நாட்கள் எங்களுக்கு வேண்டும்.

இங்ஙனம்,
கிடங்குப் பணியாளர்கள்