கண்ணைக் கட்டிக் கேட்ட மூன்று கீபோர்டுகள்

துளசி: ஆடாதீங்க. துண்டு அவுந்துடும்.

புவனேஸ்வரன்: கீபோர்ட் சத்தம் கேக்கறதுக்கு கண்ண ஏண்டி கட்டணும்?

துளசி: இல்லன்னா அந்தப் பச்சக் கலர் கீகேப்ப, எழுத்து மூடியப் பாத்துட்டு அதுதான் நல்லாருக்குன்னு சொல்லிடுவீங்க. கலருக்கு மயங்கற ஆளு நீங்க. ஃபேக்டரியில டீ டேஸ்டிங் பண்ணும்போது கப்புல பேர் எழுதி வெச்சுக்கிட்டா குடிக்கிறீங்க?

புவனேஸ்வரன்: ...டேஸ்டிங் பேச்ச எடுக்காத.

துளசி: சரி சரி. எடுக்கல.

புவனேஸ்வரன்: ரெண்டு மாசமா ஒரு கப்பக் கூட தொடல. காய்ச்சல் போச்சு, கூடவே மூக்கும் போச்சு. திங்கக்கெழம மேனேஜரு இருபது கப்ப வரிசையா வெச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பாரு. ஒண்ணுஞ் சொல்ல முடியலன்னா அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. அத நெனச்சாலே...

துளசி: மூக்கப் பத்தி நான் கேட்டேனா? எனக்கு உங்க காது போதும்.

புவனேஸ்வரன்: காதுக்கும் பரீச்சையா?

துளசி: ஒரு ஒத்தாச லா. நாளைக்கு என் கீபோர்ட் கூட்டாளி குமுதா ரிங்லெட்ல இருந்து வர்றா. அவளுக்கு ஒண்ணு, அவ தம்பிக்கு ஒண்ணு. மிச்சம் ஒண்ணு எனக்கு. எது எனக்குன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

புவனேஸ்வரன்: நீ செஞ்சது. உனக்கே தெரியாதா?

துளசி: அதானே வம்பு! ஒண்ணொண்ணுலயும் அறுபத்தெட்டு சுவிட்ச். ஒவ்வொண்ணாப் பிரிச்சு, குட்டி பிரஷ்ல கிரீஸ் தடவி, ஸ்பிரிங்க மாட்டி மூடினேன். இந்தக் குளிர்ல கிரீஸ் வேற கட்டியாப் போயிடுது. எல்லாம் முடிச்சப்புறம்... சத்தம் நெஜமாவே மாறிச்சா, இல்ல பட்ட பாட்டுக்கு மாறின மாதிரி எனக்குத் தோணுதான்னு ஒரு சந்தேகம்.

புவனேஸ்வரன்: எஸ்டேட் ஆபீஸ்ல ஒனக்கு ஒரு கீபோர்ட் குடுத்திருக்காங்கள்ல. அதுல தட்டினா எழுத்து வரலியா?

துளசி: வருது. ஈரச் சாக்கத் தட்டுற மாதிரி வருது. இதுல தட்டிப் பாருங்க. கங்காணி லீவு லெட்டர் அடிச்சாக்கூட கச்சேரி மாதிரி இருக்கும்.

புவனேஸ்வரன்: ஓ... அதான் அவரு கேட்ட ஒடனே அடிச்சுக் குடுத்துடுறியா!

துளசி: பேசினது போதும், கிட்ட வாங்க. இன்னும் குனிங்க.

புவனேஸ்வரன்: மூக்கு இடிக்குதுடி.

துளசி: இடிக்கட்டும். கிட்ட இருந்தாதான் அடியில வர்ற சத்தம் கேக்கும். ஒண்ணு... தட்டுறேன்.

புவனேஸ்வரன்: ம்... தொக் தொக்னு... மழ நின்னப்புறம் கூரையில இருந்து சொட்டுற மாதிரி.

துளசி: அப்புறம்?

புவனேஸ்வரன்: அப்புறம்னா... புதுசா இருக்கு. காலையில மொதத் தேயிலைத் தூளு வந்து விழற நேரம் இருக்குல்ல, அந்த மாதிரி.

துளசி: எழுதிக்கிட்டேன். ரெண்டு...

புவனேஸ்வரன்: இது வேற. இது கொஞ்சம்... கருகல்.

துளசி: சத்தம் கருகுமா?

புவனேஸ்வரன்: சிரிக்காத லா! வேற வார்த்த வரல. ட்ரையர்ல ஒரு நிமிசம் கூட விட்ட மாதிரி ஒரு முரடு... என்ன, தட்டறத நிறுத்திட்ட?

துளசி: பேனா கீழ விழுந்துடுச்சு. இருங்க... மூணு.

புவனேஸ்வரன்: இது... தட்டுது, கேக்குது, அவ்வளவுதான். வெந்நி குடிச்ச மாதிரி இருக்கு.

துளசி: சரி. இப்ப மாத்தி மாத்தி வெப்பேன். புதுசா, கருகலா, வெந்நியா, அது மட்டும் சொல்லுங்க.

புவனேஸ்வரன்: கருகல்.

துளசி: ம்.

புவனேஸ்வரன்: வெந்நி.

துளசி: ம்.

புவனேஸ்வரன்: மறுபடியும் வெந்நி. ஏய், அதையே திருப்பி வெச்சிருக்க!

துளசி: அடப்பாவி...

புவனேஸ்வரன்: கட்டின புருசன அடப்பாவிங்கிற?

துளசி: பேசாம கேளுங்க.

புவனேஸ்வரன்: புதுசு. ...கருகல். ...புதுசு. ...வெந்நி. ...புதுசு. ...கருகல். போதும் லா, கழுத்து வலிக்குது. ஒம்போதுக்கு எத்தன?

துளசி: ஒம்போது.

புவனேஸ்வரன்: சும்மா சொல்லாத.

துளசி: துண்ட அவுத்துட்டு நோட்டப் பாருங்க.

புவனேஸ்வரன்: அட... ஆமா! ஏய், நீ ஏன் அழுவுற?

துளசி: யாரு அழுதா? சிரிக்கிறேன்.

புவனேஸ்வரன்: எனக்கு இப்படி ஒரு காதா! குமுதா வந்தா சொல்லு, அவ செய்யிற கீபோர்டுக்கும் நானே மார்க் போடறேன். கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி கடைக்குப் பக்கத்துல போர்டு மாட்டிடலாம். காதாலயே கண்டுபிடிக்கும் புவனேஸ்வரன்!

துளசி: மாட்டலாம், மாட்டலாம். அதுக்கு முன்னால மேனேஜருக்கு போனப் போடுங்க. திங்கக்கெழம டேஸ்டிங்குக்கு கண்டிப்பா வர்றேன்னு சொல்லுங்க.

புவனேஸ்வரன்: காது நல்லாருந்தா மூக்கு வந்துடுமா துளசி? நான்... நேத்தே சொல்லிட்டேன். டேஸ்டிங் வேணாம், பேக்கிங்ல போட்டுடுங்கன்னு.

துளசி: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா?

புவனேஸ்வரன்: எப்படிச் சொல்றது? பதினாலு வருசம். 'எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் குடிச்சா எந்த மலைச் சரிவு தேயிலைன்னு சொல்லிடுவாரு'ன்னு நீ பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்க.

துளசி: மேனேஜரு என்ன சொன்னாரு?

புவனேஸ்வரன்: திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போடச் சொன்னாரு.

துளசி: இன்னும் போடல இல்ல?

புவனேஸ்வரன்: போடல.

துளசி: அப்பாடா... அப்ப நானும் ஒண்ண ஒத்துக்கறேன். கோவப்படக் கூடாது.

புவனேஸ்வரன்: சொல்லு.

துளசி: மூணு கீபோர்டுக்கும் சத்தத்துல வித்தியாசமே கெடையாது.

புவனேஸ்வரன்: என்னடி ஒளர்ற? ஒம்போதுக்கு ஒம்போது சொன்னேனே!

துளசி: ஒரே சுவிட்ச், ஒரே கிரீஸ், ஒரே பெட்டி. மூணையும் ஒரே மாதிரி ஒலிக்க வெக்க மூணு வாரம் ஆச்சு எனக்கு. சத்தத்த வெச்சு எது எதுன்னு குமுதாவால கூட சொல்ல முடியாது.

புவனேஸ்வரன்: அப்ப... நான் எதடி கண்டுபிடிச்சேன்?

துளசி: கீகேப்பையெல்லாம் கழட்டி, மூணு நாளு மூணு டப்பாவுல மூடி வெச்சு, இன்னிக்கி மத்தியானந்தான் மாட்டினேன். ஒரு டப்பாவுல இந்த வாரத்துப் புதுத் தேயிலைத் தூளு. இன்னொண்ணுல ட்ரையர்ல கருகிப்போச்சுன்னு ஃபேக்டரியில தள்ளி வெச்ச தூளு. மூணாவது வெறும் டப்பாங்க.